அம்மாவின் டயட்டும் பிள்ளையின் தட்டும்



தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஒருவர் சோற்றை அடியோடு நிறுத்தியிருப்பார். இன்னொருவர் இரவில் ஓர் ஆப்பிளோடு படுத்துவிடுவார். மற்றொருவர் முகநூலில் வாங்கிய மாவைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, பக்கத்து மேசையில் பிரிக்கப்படும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பார்க்காததுபோல் அமர்ந்திருப்பார். தீபாவளிக்குப் புடவை கட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். தைப்பூசம் வருவதற்குள் போன எடை வீடு திரும்பிவிடும். தனியாக வராமல் ஒன்றிரண்டு கிலோவைத் துணைக்கும் அழைத்து வரும். அப்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “என் மெட்டபாலிசம் கெட்டுப்போச்சு டீச்சர்.”

பெரியவர்கள் தங்கள் உடலோடு நடத்தும் இந்தப் போராட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் எண்ணியதில்லை. எழுத வைத்தவர்கள் மாணவிகள். ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் இடைவேளையில் உணவுப் பெட்டியைத் திறந்து, இரண்டு வாய் உண்டு, மூடி வைத்துவிடுகிறார்கள். உடம்புக்கு என்ன என்று கேட்டால், “நான் டயட்ல இருக்கேன் டீச்சர்” என்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. வீட்டில் யார் சொல்கிறார்களோ அவர்களிடமிருந்துதான் வந்தது. ஆகவே பெரியவர்களின் பட்டினியைப் பற்றி முதலில் பேசிவிட்டுப் பிறகு பிள்ளைகளிடம் வருகிறேன்.

உண்ட உணவை உடல் சக்தியாக மாற்றுவதும் அதைச் செலவிடுவதும் உடலைப் பழுதுபார்ப்பதுமான வேலைகள் அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். ஓடியாடி உழைப்பதற்கே பெரும்பகுதி செலவாகிறது என்று மாணவர்கள் நினைப்பார்கள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான். உண்மையில், அதிகம் நடமாடாத ஒருவர் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் 60 முதல் 70 விழுக்காடு, அவர் படுக்கையை விட்டு எழாவிட்டாலும் செலவாகிவிடும். இதயம் துடிக்க வேண்டும், மூளை இயங்க வேண்டும், கல்லீரல் தன் வேலையைச் செய்ய வேண்டும், உடற்சூடு நிற்க வேண்டும். உண்டதைச் செரிப்பதற்கு ஏறக்குறைய 10 விழுக்காடு. மிச்சம்தான் நடையும் வேலையும் உடற்பயிற்சியும்.

வருமானம் குறைந்த குடும்பம் என்ன செய்யும்? செலவைக் குறைக்கும். உடலும் அதைத்தான் செய்கிறது. உணவு குறைந்தால் தைராய்டுச் சுரப்பின் வீரியம் தாழ்கிறது; கை கால் குளிர்கிறது; நாடித்துடிப்பு மந்தமாகிறது; நம்மை அறியாமலேயே அசைவு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றே விடுகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று கருதும் உடல், பிள்ளைப்பேற்றை ஒத்திவைக்கிறது. தீபாவளிப் புடவைக்காகத்தான் இந்தப் பட்டினி என்பது அதற்குத் தெரியாது.

இதை முதன்முதலில் துல்லியமாக அளந்தவர்களின் கதை நம் குடும்பங்களின் கதைக்குப் பக்கத்தில் இருப்பது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் அரிசி வரத்துக் குறைந்து, தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு காலம் தள்ளினார்கள். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் பலர் திரும்பவே இல்லை. அதே காலத்தில், போரால் உலகமெங்கும் பட்டினியில் வாடியவர்களை எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். 1944 நவம்பரில் தொடங்கிய அச்சோதனையில், முதல் 12 வாரம் இயல்பான உணவு. அடுத்த 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்கரோனி, கிழங்கு வகைகள், வாரத்துக்கு 22 மைல் நடை.

அந்த 1,570 என்ற எண்ணைச் சற்று நின்று பாருங்கள். இன்று கைத்தொலைபேசியில் வந்து விழும் டயட் அட்டவணைகளில் 1,200 கலோரியைச் சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள். அவ்விளைஞர்கள் நன்றாக நடமாடிய ஆண்கள், ஆகையால் அவர்களின் தேவை மிகுதி என்பது உண்மைதான். இருந்தாலும் உலகின் புகழ்பெற்ற பட்டினிச் சோதனையில் கொடுத்த உணவைவிடக் குறைவாக உண்டுவிட்டு, முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் குரல் கொடுக்க முடியவில்லையே என்று ஓர் ஆசிரியை வருந்துவதில் வியப்பில்லை.

அந்த 24 வாரத்தில் அவர்கள் தங்கள் எடையில் நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். அடிப்படை வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. உடல் சிறுத்ததால் மட்டும் நேர்ந்த சரிவன்று; சிறுத்த உடலுக்கு உரிய அளவைவிடவும் குறைவாகவே அவ்வுடல்கள் செலவிட்டன. எனினும் எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது அவர்களின் மனம். எப்போதும் உணவைப் பற்றியே பேச்சு. சமையல் குறிப்பு நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். எரிச்சல், சோர்வு, நண்பர்களிடம் ஒதுக்கம். பிறகு உணவு கிடைத்தபோது வயிறு முட்ட உண்டும் பசி அடங்கவில்லை. முதலில் கொழுப்புத்தான் வேகமாகத் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. இழந்த தசை முழுமையாக மீளும்வரை உடல் பசியைக் கிளப்பிக்கொண்டே இருந்தது என்று பிற்காலத்தில் அந்தக் குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். கீஸ் 1950இல் இவற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இழந்ததை மீட்க நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,000 கலோரி பல மாதங்கள் தேவை என்பது அவர் கண்ட முடிவு.

நம் தலைமுறையில் இதே பாடம் தொலைக்காட்சியில் வந்தது. அதிக எடையைக் குறைப்பவருக்குப் பரிசு தரும் அமெரிக்க நிகழ்ச்சி ஒன்றில் 2009இல் கலந்துகொண்டவர்களில் 14 பேரைக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆறு ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைந்தவர்களுக்கு, அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடல் செலவிடும் சக்தி போட்டிக்கு முன் 2,607 கலோரி. போட்டி முடிவில் 1,996. ஆறு ஆண்டுக்குப் பின் 1,903. எடை ஏறியபோதும் செலவு ஏறவில்லை. அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கத் தக்கதைவிட ஏறக்குறைய 500 கலோரி குறைவு.

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீர்களா, நம் உடலும் இப்படித்தான் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது” என்று யாரும் அழ வேண்டாம். அது நாள்தோறும் பல மணி நேரம் உடற்பயிற்சியும் கடும் உணவுக் குறைப்பும் சேர்ந்த அசாதாரண நிலை. சாதாரணமாக எடை குறைத்தவர்களை, எடை நிலைப்பட்டுச் சில வாரம் கழித்து அளந்தால், இந்தக் கூடுதல் சரிவு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கலோரி அளவில்தான் இருக்கிறது. ஒரு குவளை தே தாரேயில் அதைவிட மிகுதி. “பட்டினி கிடந்தால் உடல் பூட்டிக்கொள்ளும், எடை குறையவே குறையாது” என்று புலனத்தில் சுற்றும் செய்தியும் சரியன்று. மினசோட்டா இளைஞர்களின் எடை குறைந்துகொண்டேதான் போனது. இரண்டு நாள் விரதத்தில் வளர்சிதை மாற்றம் படுத்துவிடுவதும் இல்லை. கந்த சஷ்டிக்கு விரதம் இருக்கும் பாட்டிமார் நிம்மதியாக இருக்கலாம். நீரிழிவுக்கு மருந்து உண்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எடை ஏன் இவ்வளவு உறுதியாகத் திரும்புகிறது? பெரும்பகுதி பசியால். எடையில் ஒரு கிலோ குறையும்போது உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது; பசியோ ஏறக்குறைய 100 கலோரி ஏறுகிறது என்று ஹால் குழுவினரே கணக்கிட்டிருக்கிறார்கள். பத்துக் கிலோ இளைத்தவருக்கு நாள்தோறும் 1,000 கலோரிப் பசி கூடுதலாகக் காத்திருக்கிறது! ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் வைத்துச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்கு வரவில்லை. ஆகவே எடை திரும்பிய ஒருவரைப் பார்த்து, “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று சொல்வது அறியாமை. பண்டிகை வீடுகளில் அத்தைமாரும் மாமாமாரும் இதைத் தாராளமாகச் சொல்கிறார்கள், அதுவும் பிள்ளைகள் காதுபட.

வயதின்மேல் பழி போடுவதும் உண்டு. நாற்பதைத் தாண்டிய நாங்கள் இதில் வல்லவர்கள். 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் திரட்டி 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உடலளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை வளர்சிதை மாற்றம் மாறாமல் நிற்கிறது என்று காட்டியது. நாற்பதில் நமக்குக் குறைந்தது நடையும் தூக்கமும் தசையும்தான்.

எடை குறைப்பதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீரிழிவில் இந்தியர்கள் மற்ற இனத்தாரைவிட முன்னால் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த வேதனை. 2017இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு ஏறக்குறைய 850 கலோரி உணவில் சில மாதங்கள் இருந்து எடை குறைத்த நீரிழிவு நோயாளிகளில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் மருந்தின்றி நீரிழிவிலிருந்து விடுபட்டிருந்தார்கள். அங்கே உடன் நின்றவர்கள் பயிற்சி பெற்ற தாதியரும் உணவியலாளரும். அவர்கள் பிறகு படிப்படியாகச் சாதாரண உணவுக்குக் கொண்டுவந்தார்கள். எடை ஏறத் தொடங்கினால் கைகொடுத்தார்கள். நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் மாவு விற்பவர்.

மெலிவுக் காப்பி, மெலிவுத் தேநீர் என்று விற்பவற்றைப் பற்றி ஒரு சொல். அவை சிலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. காப்பி குடித்துப் பசியே எடுக்கவில்லை என்றால் மகிழ வேண்டாம், அச்சப்பட வேண்டும். இப்போது மருத்துவர்கள் தரும் ஊசிகள் வேறு வகை. உண்மையில் வேலை செய்பவை. அவற்றை நிறுத்திய ஓர் ஆண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. ஊசி போனதும் பழைய பசி வந்துவிடுகிறது.

சரி, மாறி மாறிப் பட்டினி கிடந்து களைத்துப்போன உடலை எப்படித் தேற்றுவது? முதலில், அடுத்த டயட்டைத் தொடங்காமல் இருப்பது. சில மாதம் எடையைக் குறைக்கும் எண்ணத்தையே ஒதுக்கிவிட்டு, மூன்று வேளை ஒழுங்காக உண்பது. முதல் வாரத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். பலர் இங்கேதான் பயந்து மறுபடி பட்டினிக்கு ஓடுகிறார்கள். தசையிலும் கல்லீரலிலும் சேரும் மாவுச்சத்து, தன் எடையைப் போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறியதில் பெரும்பங்கு அந்த நீர்தான். நெடுநாள் ஏறக்குறைய ஒன்றுமே உண்ணாமல் மிகவும் மெலிந்துபோனவர்கள் மட்டும் திடீரென நிறைய உண்ணக் கூடாது. இரத்தத்தில் உப்புச் சத்துகள் நிலைதடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். அவர்கள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது புரதம். கட்டுப்பாடின்றி இளைக்கும்போது போகும் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு. அதை மீட்கப் புரதம் வேண்டும். மேலும் புரதத்தைச் செரிக்கவே அதிலுள்ள சக்தியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். பசியையும் நீண்ட நேரம் அடக்கும். நம் தட்டைப் பாருங்கள்: சோறு ஒரு குன்று, குழம்பு ஓர் ஆறு, மீன் ஒரு துண்டு. காலையில் ரொட்டி சானாய், அதற்குத் தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறியில் நான்கு பருப்பு. சோற்றைத் துரத்த வேண்டியதில்லை. குன்றைச் சிறிது குறைத்து முட்டை, பருப்பு, கொண்டைக்கடலை, தயிர், மீன் என்று ஏதேனும் ஒன்றை வேளைக்கு வேளை கூட்டினால் போதும். ஜொகூரில் தெம்பேயும் தோஃபுவும் மலிவாகக் கிடைக்கின்றன. நம் வீடுகளில் ஏனோ அவற்றை இன்னும் விருந்தாளிபோலவே வைத்திருக்கிறோம்.

தசைக்கு வேலையும் கொடுக்க வேண்டும். வாரம் இருமுறை நாற்காலியில் அமர்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவது ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். தசை கூடினால் உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பு கரையும் என்று விளம்பரம் செய்வதை நம்பாதீர்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவிடுவது நாளுக்கு 13 கலோரிதான். தசை வேண்டுவது மாடிப்படி ஏறவும் சர்க்கரையை உள்வாங்கவும் முதுமையில் விழாமல் நிற்கவும்.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்குத் தயக்கம் வருகிறது. பெர்மாஸ் ஜெயாவிலிருந்து எத்தனையோ பெற்றோர் விடியலுக்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்பும்போது பிள்ளைகளே தூங்கியிருப்பார்கள். 2004இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இரண்டே இரவில்! ஆண்டுக்கணக்கில் அப்படித் தூங்குபவரிடம் “எட்டு மணி நேரம் உறங்குங்கள்” என்று எழுதிவிட்டுப் போவது எளிது. விடுமுறை நாளில் திருமணம், திறப்பு விழா என்று ஓடாமல் ஒரு பகல் உறங்குவதற்காவது வீட்டார் அவர்களை விட வேண்டும். நள்ளிரவுச் சாப்பாட்டுக்கு அவர்களைத் திட்டும்போது இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் மாதவிடாய் வராதவர்களும், எப்போதும் குளிர்கிறது, முடி கொட்டுகிறது என்பவர்களும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தைராய்டுக்கும் இரத்தச்சோகைக்கும் சோதித்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் டயட்டின் தலையில் கட்டிவிடவும் முடியாது.

இனிப் பிள்ளைகள். நான் முன்பு சொன்ன 2021ஆம் ஆண்டு ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு வயதுக் குழந்தை தன் உடலளவுக்கு ஒரு பெரியவரைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு அதிகம் செலவிடுகிறது. பிறகு ஆண்டுக்குச் சிறிது சிறிதாகக் குறைந்து 20 வயதில்தான் பெரியவர் அளவுக்கு வருகிறது. வளரும் உடலின் கணக்கே வேறு. பத்து, பதினொரு வயதுப் பெண் பிள்ளைகள் உயரமாகப் பாயும் பருவத்தில் நிற்கிறார்கள்; அதற்கு முன்னும் உடனும் சற்றுச் சதை போடுவது இயற்கையின் ஏற்பாடு. அந்த நேரத்தில் அம்மா, “உனக்கும் சேர்த்து டயட் மாவு வாங்கிட்டேன்” என்று சொன்னால், எலும்பும் இரத்தமும் சேர வேண்டிய காலத்தில் வாசலை அடைப்பதாகும். உண்மையிலேயே எடை மிகுந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கிலோ குறைக்க வேண்டியதில்லை. எடையை அப்படியே நிறுத்தி வைத்தால் உயரம் வளர்ந்து ஈடுசெய்துவிடும். இனிப்புப் பானத்தையும் பொட்டல நொறுக்குத் தீனியையும் வீட்டுக்கே வாங்காமல் இருப்பது, மாலையில் விளையாட விடுவது, நேரத்தோடு உறங்க வைப்பது, இவ்வளவும் வீடு முழுவதற்கும் பொதுவான விதியாக இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித்தட்டு வைத்தால் அது தண்டனை.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று உண்டு. செகாக் உடற்தகுதித் தேர்வு வந்த காலம் தொட்டு நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளக்கிறோம். அளப்பதில் தவறில்லை. வரிசையில் முப்பது பேர் நிற்க, எடையை உரக்கச் சொல்லி ஒரு மாணவரை எழுத வைப்பதில்தான் தவறு. அன்று எழும் சிரிப்பொலி சில பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டு வரை கேட்கும். பிள்ளைகளின் உடல் நிறைக் குறியீட்டை வயதோடும் பாலினத்தோடும் பொருத்தித்தான் படிக்க வேண்டும்; பெரியவர்களுக்குரிய எல்லையை எடுத்து வைத்து “குண்டு”, “ஒல்லி” என்று பிரிப்பது கணிதப் பிழை. ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, எண்ணை நாமே எழுதிக்கொண்டு, கவலைப்பட வேண்டியது இருந்தால் பெற்றோரிடம் தனியே பேசலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.

இடைவேளையில் உணவுப் பெட்டியை மூடி வைக்கும் பிள்ளையையும் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு வெறும் மைலோவோடு வீட்டை விட்டு வந்திருக்கும். ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். இரண்டு வாரம் தொடர்ந்தால் வகுப்பாசிரியர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பது நல்லது. திட்டுவதற்காக அன்று, வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்பதற்காக. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலைப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது, அவித்த முட்டையையும் அவித்த கடலையையும் நாள்தோறும் வைக்கும்படி கேட்க எண்ணியிருக்கிறேன். ஒரு பிடி கடலையைப் பிள்ளைகள் கையில் இருக்கும் சில்லறைக்கு விற்கக் கட்டுப்படியாகுமா என்று சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.